பானகம் பன்: பச்ச இஞ்சி போட்ட ரொட்டி மாவு ஏன் எழும்பல

தம்பி, அந்த ஈஸ்ட்ட குப்பையில போட்றாதீங்க, பெரும்பாலும் அது மேல தப்பு இருக்காது. நீங்க கேட்டத மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி சுருக்கி சொல்லிடுறேன். திருவிடைமருதூர்ல வீடு, புதுசா ஓடிஜிங்கிற சின்ன கரண்ட் ஓவன் வாங்கியிருக்கீங்க, வெளிநாட்டு ரொட்டியில நம்ம வீட்டு மசாலா வாசன வரணும்னு ஆச. மைதாவுல பச்ச இஞ்சிய தட்டிப் போட்டு, பட்ட, கிராம்பு, ஏலக்கா எல்லாத்துலயும் ஒவ்வொரு ஸ்பூன் பொடி சேத்து, வெதுவெதுன்னு பால் ஊத்தி பெசஞ்சு ரெண்டு மணி நேரம் வச்சும் எழும்பல, மாவு கைய விட்டு வரவே இல்ல, சுட்டா அடியில கல்லு நடுவுல களி. ஈஸ்ட் கெட்டுப்போச்சா, மைதா சரியில்லையா, இல்ல ரெண்டு ஊர் சமையல கலக்கவே கூடாதான்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா கலக்கலாம். ஆனா குழம்புல மசாலா போடுற கணக்கு ரொட்டி மாவுக்கு ஒத்து வராது. குழம்பு கொதிக்கிற சமாச்சாரம், அதுல எதப் போட்டாலும் வாசனையா வந்து சேந்துரும். ரொட்டி மாவுல ஈஸ்ட் உயிரோட இருக்கு, அது விடுற காத்த புடிச்சு வைக்க க்ளூட்டன்னு ஒரு வலை வேற உருவாகணும். நீங்க போட்ட நாலு சாமான்ல மூணு இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுக்கு எதிரி.

மொதல்ல இஞ்சி. டீக்கடையில கவனிச்சிருப்பீங்களே, பச்ச இஞ்சிய தட்டி நேரா பால்ல போட்டா பால் திரிஞ்சிரும், அதனால தான் மாஸ்டர் இஞ்சிய தண்ணியில தூளோட சேத்து கொதிக்க விட்டுட்டு அப்புறமா பால் சேப்பாரு. இஞ்சியில ஜிஞ்சிபைன்னு ஒரு என்சைம் இருக்கு, புரதத்த வெட்டுறது தான் அதோட வேல. பால் திரியுறதும் அதால தான், கறிய இஞ்சி தடவி ஊற வச்சா மெத்துன்னு ஆகுறதும் அதால தான். க்ளூட்டனும் புரதம் தானே, நீங்க பெசஞ்சு வலை கட்ட கட்ட இஞ்சி அந்தப் பக்கமா வெட்டிக்கிட்டே வந்திருக்கு. கைய விட்டு வராம பிசுபிசுன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அது தண்ணி ஜாஸ்தியானதால இல்ல, வலை அறுந்ததால. பப்பாளிக்காய், பச்ச அன்னாசி ரெண்டும் இதே கட்சி. ஆனா சுக்குல அந்த வேகம் ரொம்ப கொறஞ்சு போயிருக்கும், நெய்யில போட்டு சூடு பண்ணிட்டா மிச்சமும் அடங்கிடும். எப்பவுமே என் ஓட்டு சுக்குக்கு தான்.

அடுத்து பட்டையும் கிராம்பும். பட்டையோட வாசனையே சின்னமால்டிஹைடுங்கிற பொருள், கிராம்புல யூஜினால். ரெண்டும் பூஞ்சைய வளர விடாது, ஈஸ்ட்டும் பூஞ்சை குடும்பம் தான், அப்புறம் எப்படி எழும்பும்? சின்னமன் ரோல் பண்றவங்க பட்டப் பொடிய மாவுல கலக்காம வெண்ணெய் சர்க்கரையோட சேத்து சுருளுக்குள்ள தடவுறதுக்கு இதுவும் ஒரு காரணம். 500 கிராம் மைதாவுக்கு கால் டீஸ்பூன் பட்டப் பொடின்னா மாவு தாங்கும், ஒரு ஸ்பூன்னா தாங்காது. கிராம்ப நான் ரொட்டி பக்கமே கொண்டு வர மாட்டேன், ஒண்ணு கூடிப் போச்சுன்னா பல்வலி மருந்து வாசன தான் அடிக்கும்.

ஏலக்கா தான் இந்தக் கூட்டத்துல சாது. நாம போடுற அளவுக்கு ஈஸ்ட்டோட சண்ட போடாது, சூட்டுலயும் வாசன ஓரளவு நிக்கும். ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க்னு அந்தப் பக்கம் பூராவும் இனிப்பு ரொட்டின்னாலே மாவுலயே ஏலக்கா இடிச்சுப் போடுறது வழக்கம். நம்ம கேசரியில விழுற ஏலக்கா அங்க பன்னுல விழுது.

இதத் தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ரொட்டியில ஏதோ ஒரு மசாலாவ ஒட்ட வைக்கிறதுக்கு பதிலா, ரெண்டு பக்கமும் ஏற்கனவே பொதுவா இருக்கிற ஒரு சாமான புடிச்சுக்கிட்டு அங்கேருந்து கட்டுங்க. டென்மார்க்ல வார்மே வேதர்னு ஒரு பன் உண்டு. ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற நாலாவது வெள்ளிக்கிழமை அவங்களுக்கு பெரிய பிரார்த்தனை நாள், 1686லேருந்து இருக்கு. அன்னிக்கு பேக்கரிக்காரங்களும் வேல செய்யக் கூடாதுங்கிறதால மொத நாளே ஏலக்கா போட்ட இந்த பன்ன சுட்டு வித்துடுவாங்க, ஜனங்க வாங்கிட்டுப் போய் ரெண்டா பிச்சு டோஸ்ட் பண்ணி வெண்ணெய் தடவி சாப்புடுவாங்க. 2024லேருந்து அந்த அரசு விடுமுறைய எடுத்துட்டாங்க, பன்ன மட்டும் விடல. இது வர்றது ஏப்ரல் மே வாக்குல. அதுக்கு கொஞ்சம் முன்ன பின்ன நம்ம ஊர்ல ராமநவமி, வீட்டுக்கு வீடு பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்கா, எலுமிச்சம்பழம். ஏலக்கா ரெண்டுலயும் இருக்கு, மத்த மூணையும் அந்த பன்னுக்குள்ள கொண்டு போறது தான் நான் சொல்லப் போற ரொட்டி. வீட்டுல இதுக்கு பானகம் பன்னுன்னு பேர் வச்சிருக்கோம்.

டென்மார்க்னதும் தரங்கம்பாடி ஞாபகம் வரும், நான் இருக்கிற பொறையாறுலேருந்து கூப்பிடு தூரம். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க அங்க டேன்ஸ்போர்க் கோட்டையக் கட்டுனாங்க, 1845ல இங்கிலீஷ்காரங்க கிட்ட வித்துட்டுப் போனாங்க. அதனால ஏலக்காய நம்ம கிட்டேருந்து தான் கத்துக்கிட்டுப் போனாங்கன்னு யாராச்சும் அடிச்சு விட்டா தலையாட்டாதீங்க, ஏலக்கா கிரேக்கர், ரோமர் காலத்துலேருந்தே ஐரோப்பாவுக்குப் போயிட்டிருந்த சரக்கு. டேனிஷ்காரங்க இங்க தேடி வந்ததே முக்கியமா மிளகு வியாபாரத்துக்கு, அந்த மிளகும் நம்ம டெல்டாவுல விளையுறது இல்ல. ஏலக்காயும் அப்படித் தான், இடுக்கி மலை, போடி ஏலம்னு வர்ற சரக்கு. நம்ம வயல் குடுக்கிறது நெல்லு, வாழ, உளுந்து, கரும்பு. அதனால இந்த பன்னுல டெல்டாவோட பங்குன்னா அது வெல்லம் தான், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பாபநாசம் பக்கம் வீரமாங்குடி அச்சு வெல்லம் உங்களுக்கு கிட்ட தான். கருப்பா, சுமாரான கலர்ல இருக்கிறதா பாத்து வாங்குங்க. பளபளன்னு வெளிர் மஞ்சள்ல இருக்கிற வெல்லத்துல கலருக்காக ஹைட்ரோஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது கந்தக உப்பு, பிஸ்கட் மாவ தளர்த்துறதுக்கு கம்பெனிகள்ல இதே வகையறா உப்பு ஒண்ணு தான் போடுறாங்க, நமக்கு மாவு தளரக் கூடாது.

இப்ப அளவு. மைதா 500 கிராம், பால் 260 மில்லி, வெல்லம் 90 கிராம், நெய் 60 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 8 கிராம், ஏலக்கா 25 காய் போல, சுக்குப் பொடி ஒன்றரை டீஸ்பூன், மிளகு பத்து பதினஞ்சு, ஒரு எலுமிச்சம்பழம். தராசு இல்லன்னா மொதல்ல தராசு வாங்குங்க, ஓடிஜிக்கு செலவு பண்ணவருக்கு அது பெருசில்ல, டம்ளர் கணக்குல ரொட்டி பண்றது எனக்கு உடன்பாடே இல்ல. மைதா பாக்கெட்ல புரதம் 10, 11 கிராம்னு போட்டிருந்தா நல்லது, பரோட்டாக் கடைக்கு வாங்குற மைதான்னு கேட்டீங்கன்னா கடக்காரரே எடுத்துக் குடுப்பாரு. கோதுமை மாவு சேக்கணும்னா 150 கிராம் வரைக்கும் மாத்திக்கலாம், கூட ஒரு 20 மில்லி பால் இழுக்கும், அதுக்கு மேல போனா பன் கனத்துடும்.

வெல்லத்த தட்டி 40 மில்லி தண்ணியில கரையுற வரைக்கும் மட்டும் சூடு காட்டி வடிகட்டுங்க, பாகு பதம் எல்லாம் வேண்டாம், மண்ணு போகணும் அவ்ளோ தான். நல்லா ஆறட்டும். பால காய்ச்சி ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. பச்சப் பால்ல இருக்கிற சில புரதம் மாவ தளர்த்தும், காய்ச்சுனா அந்தத் தொல்ல இல்ல. காய்ச்சின பால ஜில்லுன்னே ஊத்தணும். நீங்க வெதுவெதுன்னு ஊத்துனீங்க பாருங்க, அது குளிர் நாட்டுக்காரங்க எழுதுன குறிப்பு. அவங்க அடுப்படி 20 டிகிரி, நம்ம அடுப்படி சித்திரை வைகாசியில 34 டிகிரி, மைதா டப்பாவே சுடும். பெசஞ்சு முடிச்ச மாவு 26, 27 டிகிரியில இருந்தா தான் ஈஸ்ட் நிதானமா வேல செய்யும், அதுக்கு மேல போச்சுன்னா அவசரமா எழும்பி புளிப்பு வாடையோட அமுங்கிடும். ஈஸ்ட்டும் அவங்க போடுறதுல பாதி போதும் நமக்கு.

மசாலா தயார் பண்றது தான் இதுல உசிரு, அவசரப்படாதீங்க. ஏலக்காய தோல உரிச்சு விதைய மட்டும் எடுத்து சின்ன உரல்ல இடிங்க, மாவா ஆக்கிடாதீங்க, கடுகு ஒடச்ச அளவுல சில துண்டு நிக்கணும், அப்ப தான் கடிக்கிறப்ப அங்கங்க பளிச்சுன்னு வரும். கடையில விக்கிற ஏலக்கா தூள்ல தோலையும் சேத்து அரச்சிருப்பாங்க, வாசனையும் பாதி போயிருக்கும். மிளகையும் ஒண்ணு ரெண்டா தட்டிக்கோங்க. சின்ன வாணலியில நெய்ய உருக்கி அடுப்ப சிம்ல வச்சு சுக்குப் பொடியப் போடுங்க. ஓரத்துல பொடிப் பொடியா நுரை கட்டும், மூக்குல ஏறுற பச்ச நெடி மாறி வறுத்த வாசன வரும், அரை நிமிஷம் கூட ஆகாது, கலர் செவக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள எறக்கிடணும், சுக்கு கருகினா ரொட்டி பூரா கசக்கும். எறக்கின சூட்டுலயே மிளகு, அப்புறம் ஏலக்கா போட்டு மூடி வச்சுடுங்க. இந்த வாசனையெல்லாம் கொழுப்புல கரையுற ரகம், நெய்யில ஏறிடுச்சுன்னா மாவு முழுக்க சீரா பரவும், அடுப்புல ஆவியாப் போறதும் கொறையும். தாளிக்கிறதோட தத்துவமே அது தானே. நெய் ஆறி கொழகொழன்னு வர்ற பதத்துல தான் மாவுக்குப் போகணும்.

வெல்லத் தண்ணியில ரெண்டு ஸ்பூன கடைசியா மேல தடவ எடுத்து வச்சுடுங்க. மைதா, ஈஸ்ட், உப்பு கலந்து, மீதி வெல்லத் தண்ணி, பால், எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு டீஸ்பூன் விட்டு பெசையுங்க. பால்ல ஒரு 30 மில்லி கையில வச்சுக்கிட்டு பாத்து பாத்து விடுங்க, ஒவ்வொரு மைதாவும் ஒவ்வொரு மாதிரி குடிக்கும், மழ நாள்ல கொறச்சலா குடிக்கும். எலுமிச்ச பட்டதும் பால் லேசா திரிஞ்ச மாதிரி தெரியும், கண்டுக்காதீங்க. ஏழெட்டு நிமிஷம் பெசஞ்சு மாவு ஒண்ணு சேந்த பிறகு தான் மசாலா நெய். ஆரம்பத்துலயே நெய்ய ஊத்துனா மைதாவ வழுவழுன்னு மூடிடும், வலை கட்ட லேட்டாகும். நெய் போட்டதும் மாவு பிரிஞ்சு கன்னாபின்னான்னு ஆகும், பயந்துக்கிட்டு மைதா தூவாதீங்க, இன்னும் ஏழெட்டு நிமிஷம் பெசஞ்சா தானா சேந்துக்கும். ஒரு துண்ட எடுத்து விரல்ல மெதுவா இழுத்தா கிழியாம மறுபக்கம் வெளிச்சம் தெரியணும், வீசுன பரோட்டா மாவு பாத்திருக்கீங்கல்ல, அந்த அளவு மெலிசு வரலன்னாலும் அதுக்கு சொந்தக்காரனாவாச்சும் இருக்கணும்.

எவ்ளோ நேரம் வைக்கணும்னு கேட்டீங்கன்னா கடிகாரத்த பாக்காதீங்கன்னு தான் சொல்லுவேன். வைகாசியில முக்கா மணி நேரத்துலயே ரெட்டிப்பாயிடும், மார்கழியில ஒன்றரை மணி நேரமும் கேக்கும். கொஞ்சூண்டு மாவ கிள்ளி நேரா இருக்கிற கண்ணாடி டம்ளர்ல அமுக்கி, அது நிக்கிற எடத்துல ரப்பர் பேண்ட் போட்டு பக்கத்துலயே வச்சுடுங்க, டம்ளர்ல ரெட்டிப்பாச்சுன்னா பாத்திரத்துலயும் ஆயிருக்கும். கரண்ட் எப்ப போகும்னு தெரியாத நாள்னா மாவ டப்பாவுல போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு விடியக்காலையில சுடுங்க, ருசியும் இன்னும் ஒரு படி கூடும்.

எழும்புன மாவ அமுக்கி 80 கிராம் உருண்டையா பிரிச்சா 12 வரும். நெய் தடவுன ட்ரேல மூணுக்கு நாலா, ஒரு உருண்டைக்கும் அடுத்த உருண்டைக்கும் நடுவுல ஒரு விரல் எடம் விட்டு அடுக்குங்க, எழும்புறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பக்கமெல்லாம் தோல் கட்டாம மெத்துன்னு இருக்கும். அந்த டென்மார்க் பன்னும் இப்படித் தான், நம்ம பேக்கரி பன் ட்ரேயும் இப்படித் தான். ரெண்டாவது தடவ அரை மணியிலேருந்து முக்கா மணி. விரல்ல லேசா அமுக்குனா பள்ளம் மெதுவா பாதி மேல வரணும், டக்குன்னு மேல வந்தா இன்னும் வைக்கணும், வரவே இல்லன்னா லேட்டு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம், உடனே அடுப்புல ஏத்துங்க.

ஓடிஜிய 180 டிகிரியில மேல கீழ ரெண்டு ராடும் போட்டு 15 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணுங்க, நடுத்தட்டுல ட்ரே. மொத்தம் 18லேருந்து 22 நிமிஷம். வெல்லமும் பாலும் இருக்கிறதால சீக்கிரம் செவக்கும், மேல செவந்ததப் பாத்து ஏமாந்து எடுத்துட்டீங்கன்னா மறுபடியும் நடுவுல களி தான், அதனால 12 நிமிஷத்துல எட்டிப் பாத்து ஃபாயில் மூடுங்க. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா நடு பன்னுல குத்துங்க, 90 தாண்டியிருந்தா வெந்துடுச்சு. ஓடிஜி குமிழ்ல போட்டிருக்கிற நம்பர முழுசா நம்பாதீங்க, உள்ள வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு போட்டுப் பாத்தா 20, 30 டிகிரி கூட கொறச்சல் இருக்கிறது தெரிய வரும். வெளிய எடுத்த சூட்டோட ரெண்டு ஸ்பூன் வெல்லத் தண்ணியில மீதி எலுமிச்சச் சாற கலந்து மேல தடவுங்க, பானகம் வாசன வர்றது அந்த நொடியில தான். சில வீட்டுல பானகத்துல பச்சக் கற்பூரம் போடுவாங்க, இதுலயும் போடணும்னா இந்தத் தண்ணியில கடுகளவு, அதுக்கு மேல போட்டா பெருமாள் கோயில் தீர்த்தம் தான்.

ஓடிஜி இல்லாதவங்க குக்கர்ல பண்ணலாம். கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டிட்டு அடியில உப்பு பரப்பி ஸ்டாண்டு வச்சு பத்து நிமிஷம் சூடேத்தி, நாலஞ்சு பன் புடிக்கிற சின்ன டின்ன உள்ள எறக்கி சிம்ல 30, 35 நிமிஷம். மேல செவக்காது, வெளுப்பாத் தான் இருக்கும், தோசக்கல்லுல ஒரு பெரட்டு பெரட்டிக்கோங்க.

மழக்காலத்துக்கு ஒண்ணு சொல்லணும், ஏன்னா ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் ரொட்டி கெட்டுப்போறதே தனி விதம். வெளிய பூசணம் எதுவும் தெரியாது, பிச்சுப் பாத்தா நடுவுல பிசின் மாதிரி நூல் இழுக்கும், அழுகின பலாப்பழ வாடை அடிக்கும். மாவுலயே இருக்கிற பேசில்லஸ்ங்கிற கிருமியோட வித்து அடுப்புச் சூட்டுக்கும் சாகாது, ரொட்டி ஈரமும் வெக்கையுமா கெடந்தா மொளச்சு வந்துரும். அதுக்கு புளிப்பு ஆகாது. பானகத்துக்காக நாம மாவுல விட்ட எலுமிச்ச இந்த வேலையும் சேத்து பாக்குது, அதனால தான் பூராவையும் மேல தடவுறதுக்கே வச்சுக்காம ரெண்டு ஸ்பூன் உள்ள விடச் சொன்னேன். சூடா இருக்கிறப்ப டப்பாவுல போட்டு மூடாதீங்க, கம்பி ஸ்டாண்டுல முழுசா ஆறட்டும். ரெண்டு நாள் வெளிய இருக்கும், மழ நாள்ல ஒரு நாள் தான், மிச்சத்த ஃப்ரீசர்ல போடுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா காஞ்சு கட்டையாகும். மறுநாள் டென்மார்க்காரங்க பண்ற மாதிரி ரெண்டா பிச்சு, பிச்ச பக்கம் கீழ இருக்கிற மாதிரி வெண்ணெய் போட்ட தோசக்கல்லுல வச்சு எடுங்க, எனக்கு சுட்ட அன்னிக்கு சாப்புடுறத விட இது தான் புடிக்கும். தொட்டுக்க எதுவும் வேண்டாம், கும்பகோணத்து பக்கத்துலயே இருந்துக்கிட்டு காப்பிக்கு பஞ்சமா உங்களுக்கு.

அம்மா முட்ட சேக்க மாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, இதுல முட்டையே இல்ல, கவலப்படாதீங்க. போடுறவங்க ஒரு முட்டைக்கு 50 மில்லி பால கொறச்சுக்கலாம், நெறம் நல்லா வரும், மத்தபடி பெரிய வித்தியாசம் இல்ல. இனிப்பு வேண்டாம்னா வெல்லத்த ஒரு ஸ்பூனுக்கு கொறச்சு, 90 மில்லி போல பாலோ தண்ணியோ கூட்டிக்கிட்டு, சுக்கு ஏலக்காய்க்கு பதில் மிளகு சீரகம் கருவேப்பிலைய நெய்யில தாளிச்சுக்கோங்க, முற அதே தான். சின்ன வெங்காயம் போட ஆசப்பட்டா நல்லா வதக்கி ஈரம் சுண்டுனதுக்கு அப்புறம். பூண்டும் பச்சையா வேண்டாம், அதுவும் மாவ தளர்த்துற ஆளு.

ஈஸ்ட் சந்தேகம் இன்னும் மனசுல இருந்தா அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில துளி வெல்லமும் கால் ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு பத்து நிமிஷம் விடுங்க, இதுக்கு மட்டும் வெதுவெதுப்பு சரி. நுரச்சு மேல வந்தா உங்க ஈஸ்ட் நல்லா தான் இருக்கு. பாக்கெட்ட பிரிச்ச பிறகு காத்துப் போகாத சின்ன பாட்டில்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சுக்கோங்க, நம்ம வெக்கையில அடுப்படி அலமாரியில வச்சா சீக்கிரமே செத்துடும்.